எந்தச் சுவர், எந்தத் திசை: திருகோணமலையில் இந்து, பௌத்த உருவங்களின் பொருள்

தாமரை, நிறைகுடம், நாகம், மகரம், அன்னம், இணைக்கயல். இவை சைவக் கோயிலுக்கு உரியவையா, பௌத்த விகாரைக்கு உரியவையா என்று கேட்டால், திருகோணமலை மாவட்டத்தில் ஒற்றை விடை கிடைக்காது. அம்மன் கோயில் விதானத்தில் விரிந்திருக்கும் தாமரைதான் விகாரையின் கூரையிலும் விரிந்திருக்கிறது. கலியாண வீட்டு வாசலில் நாம் வைக்கும் நிறைகுடத்தை, பழைய விகாரை வாசலின் காவற்கல்லில் நாகராசன் கையில் ஏந்தி நிற்கிறான். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இந்த மாவட்டத்தில் முஸ்லிம், தமிழ், சிங்கள சமூகங்களில் எதுவுமே அரைவாசியைத் தொடவில்லை. எனவே ஒரு சுவரில் தீட்டியதை அடுத்த சமூகத்தவரும் தினமும் பார்த்தபடிதான் கடந்து போகிறார்கள்.

சுவர் உருவங்களின் குறியீட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக ஓர் அட்டவணை தருவார்கள்: தாமரை என்றால் தூய்மை, சக்கரம் என்றால் அறம், யானை என்றால் செல்வம். அதில் பிழை ஏதும் கிடையாது, ஆனால் அது போதாது. ஓர் உருவத்தின் பொருளில் பாதி அந்த உருவத்துக்குள் இருக்கிறது. மற்றப் பாதி அது நிற்கும் இடத்தில் இருக்கிறது. படியிலா, நிலைக்காலிலா, தெற்குச் சுவரிலா, கூரையிலா என்பதைச் சொல்லாமல் அதன் பொருளைச் சொல்ல முடியாது. இந்த மாவட்டத்துச் சுவர்களை அந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பழமையில் தொடங்குவோம். நகரத்துக்கு வடக்கே குச்சவெளியில் கடலோரப் பாறையொன்றில் ஒரு சமஸ்கிருதக் கல்வெட்டு இருக்கிறது. வெட்டுவித்தவர் அதில் தமது புண்ணியத்தால் உயிர்களின் துயர் நீங்க வேண்டும் என்ற பௌத்த வேண்டுதலைப் பதித்திருக்கிறார். அதன் பக்கத்தில் ஒரு பெரிய சதுரத்தைப் பதினாறு சிறு கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒன்றாகத் தாதுகோபங்களை மெல்லிய புடைப்பில் செதுக்கியிருக்கிறார்கள். புத்தர் உருவமோ கதையோ அங்கே இல்லை. ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வருகிறது. இதை வெறும் அலங்காரம் என்று ஒதுக்கிவிட முடியாது. தாதுகோபம் கட்டுவது புண்ணியம் என்றால், அதன் உருவைக் கல்லில் பெருக்குவதும் புண்ணியத்தைப் பெருக்குவதே. நாமம் சொல்லி உரு ஏற்றுவதை அறிந்த சைவ வைணவ மனத்துக்கும் இந்தத் தர்க்கம் அந்நியமாகப் படாது.

இன்னும் வடக்கே திரியாயில் குன்றின் மேல் வட்டதாகே நிற்கிறது: தாதுகோபத்தைச் சுற்றித் தூண் வரிசைகள், அவற்றைச் சுற்றி வட்ட மதில். அங்குள்ள பாறைக் கல்வெட்டின் மொழி சமஸ்கிருதம், எழுத்து பல்லவர் கிரந்த வகை. திரபுசர், வல்லிகர் என்ற வணிகர் கூட்டத்தின் பெயர் அதில் வருகிறது. புத்தர் ஞானம் பெற்றபின் அவருக்கு முதலில் உணவளித்து, அவருடைய கேசத்தைப் பெற்றுக்கொண்டதாகப் பௌத்தக் கதைகள் சொல்லும் வணிகர் இருவரின் பெயர்களே இவை. அவலோகிதேசுவரரும் மஞ்சுசிரியும் அந்தக் கல்வெட்டில் போற்றப்படுகிறார்கள். அதாவது இந்தக் கரையில் பௌத்தம் என்பது அன்று ஒரே நிறமாக இருக்கவில்லை. தென்னிந்திய எழுத்தோடும் மகாயான தெய்வங்களோடும் கடல் வணிகத்தின் வழியே அது வந்து போய்க்கொண்டிருந்தது. துறைமுகம் உள்ள ஊருக்கு உருவங்கள் கப்பலில்தான் வரும்.

இந்த விடயத்தில் மாவட்டத்தின் ஆகச் சிறந்த சான்று பெரியகுளத்தருகே இருக்கும் வெல்கம் விகாரை. தமிழர் அதை நாதனார் கோயில் என்று அழைத்தார்கள். சோழர் ஆட்சியில் அதற்கு இராசராசப் பெரும்பள்ளி என்று பெயர். பதினோராம் நூற்றாண்டின் தமிழ்க் கல்வெட்டுக்கள் அங்கே கிடைத்தன. நந்தா விளக்கு எரிக்கவும், அதற்கான நெய்க்குப் பசு வழங்கவும் செய்யப்பட்ட தானங்களை அவை பதிந்து வைத்திருக்கின்றன. தஞ்சாவூர்க் கோயில் கல்வெட்டை வாசித்துப் பழகியவர் இவற்றை வாசித்தால், தெய்வத்தின் பெயரைத் தவிர மற்ற நடையெல்லாம் தெரிந்ததாகவே இருக்கும். பொலன்னறுவையைக் கைப்பற்றிய சோழர் அநுராதபுரத்துப் பௌத்த நிறுவனங்களுக்குச் செய்த அழிவு வரலாற்றில் உண்டு. அதே அரசின் காலத்தில் இராசராசன் பெயரோடு இங்கே ஒரு பௌத்தப் பள்ளி தானம் பெற்றுச் செழித்ததும் வரலாறுதான். நாகபட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலத்தை இராசராசன் வழங்கியதை அறிந்தவர்களுக்கு இது வியப்பாக இருக்காது.

வெல்கம் விகாரையில் கல்வெட்டோடு நின்றுவிடாமல் படிமக்கூடத்தின் அடித்தளத்தை உட்கார்ந்து பார்க்க வேண்டும். கீழிருந்து மேலே, தாமரை இதழ் மடிப்பும் உருண்டையான குமுதமும் பட்டிகையும் அடுக்கடுக்காக வரும் திராவிடக் கட்டடமுறை அது. சுவர்ப் பரப்பை அரைத்தூண்கள் பிரிக்கின்றன. பொலன்னறுவைச் சிவ தேவாலயங்களோடு ஒப்பிடத்தக்க கட்டடம். உள்ளே நிற்பதோ சுண்ணக்கல்லில் வடித்த புத்தர். சிவன் கோயிலுக்குப் பயன்பட்ட அதே சுவர் இலக்கணம் புத்தரையும் தாங்கியது. கட்டிய கைகளுக்கு அது முரணாகத் தோன்றவில்லை. அடித்தளத்தின் தாமரை, மேலே இருப்பவர் மேலான இடத்தில் இருக்கிறார் என்பதை மட்டும் சொல்கிறது. அவர் யார் என்பதைச் சொல்லவில்லை. தமிழ்ப் பௌத்தர் என்ற ஒரு சமூகம் இந்தக் கரையில் வாழ்ந்ததற்கு இதைவிடக் கண்முன்னான சான்று வேண்டியதில்லை. தமிழர் வரலாற்றைச் சொல்கிறவர்களும் பௌத்த வரலாற்றைச் சொல்கிறவர்களும் தத்தம் வசதிக்காக இந்தச் சுவரின் ஒரு பாதியை மறைத்துப் பேசுவது எனக்குப் பெரும் வருத்தம் தருகிறது.

அடுத்தது கோட்டை வாசல். 1620களின் தொடக்கத்தில் தளபதி கொன்ஸ்தந்தினு த சாவின் காலத்தில் போர்த்துக்கீசர் கோணமலையிலிருந்த கோணேசர் என்ற சிவன் கோயிலை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். 1639இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். பின்னர் ஆங்கிலேயர் அதற்குப் பிரெட்ரிக் கோட்டை என்று பெயரிட்டார்கள். கோட்டை நுழைவாயிலில் பதிக்கப்பட்ட பழைய கோயிற் கல்லில் இன்றும் கயல் உருவம் தெரிகிறது. அதனோடு தமிழ் எழுத்துக்களும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் சடாவர்மன் வீரபாண்டியன் கோணமலையில் இணைக்கயல் பொறித்ததைக் குடுமியான்மலைக் கல்வெட்டுச் சொல்கிறது. எனவே முதற் பொருள் அரசியல்: இந்தத் துறைமுகம் பாண்டியனின் ஆணைக்குள் வந்தது.

ஆனால் இரட்டை மீன் பாண்டியரோடு முடிந்துவிடவில்லை. எட்டு மங்கலப் பொருள்களில் ஒன்றாக அது இந்து, சமண, பௌத்த மரபுகள் மூன்றிலும் வருகிறது. புத்தர் பாதத்தில் வரையும் மங்கலக் குறிகளிலும் இணை மீனுக்கு இடம் உண்டு. திருமாலின் முதல் அவதாரமும் மீன். கோணமலையடியில் வலை வீசுகிறவருக்கு அது அன்றாடப் பிழைப்பு. கோயில் வாயிலில் இருந்தபோது அந்த மீன் அரசாணையாகவும் மங்கலமாகவும் ஒருங்கே இருந்திருக்கும். அதே கல்லைப் பறங்கியர் தூக்கிக் கோட்டை வாசலில் வைத்தபோது அது வெற்றிகொண்டவனின் கட்டடப் பொருளாகிவிட்டது. இன்று பஸ்ஸில் வந்து இறங்கும் தமிழ்ப் பயணி அதில் இழந்த கோயிலைப் பார்க்கிறார். உளி பட்ட கோடு ஒன்றுகூட மாறவில்லை. இடம் மாறியது, பொருள் முழுதும் மாறியது.

கோயில் போனபோது தெய்வங்கள் மண்ணுக்குள் போயின. 1950இல் நகரத்தில் கிணறு வெட்டியவர்கள் சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி முதலிய செப்புத் திருமேனிகளைக் கண்டெடுத்தார்கள். 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் மலையடிக் கடலில் மூழ்கிப் பழைய கோயிலின் தூண்களையும் செதுக்கிய கற்களையும் கண்டார்கள். 1963இல் புதுக் கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. ஆகவே இன்று கோணேசர் கோயிலில் நாம் பார்க்கும் சுவர் உருவங்களில் மிகப் பெரும்பாலானவை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலும் அதற்குப் பின்னும் வந்த சீமெந்தும் சுதையும் எனாமல் பெயின்றும்தான். அதனால் அவற்றின் குறியீடு குறைந்துவிடாது. உருவம் புதிது, அது அமரும் இடத்தின் விதி பழையது.

அந்த விதியைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். கிழக்கு நோக்கிய சிவன் கோயிலை வலம் வருகிறவருக்குத் தெற்குச் சுவரில் முதலில் பிள்ளையார், அடுத்துத் தட்சிணாமூர்த்தி. மேற்கில் இலிங்கோற்பவர் அல்லது திருமால். வடக்கில் நான்முகனும் துர்க்கையும். இவர்களை இடம் மாற்றி வைக்க முடியாது. தென்முகக் கடவுள் ஆலமரத்தடியில் அமர்ந்து, ஒரு காலால் முயலகனை மிதித்து, சின்முத்திரை காட்டி, நான்கு முனிவர்க்கு மௌனமாக உபதேசிக்கிறார். யமனுடைய திசையை நோக்கி அமர்ந்து அறியாமையை மிதிக்கும் ஆசிரியர் என்பதே அவருடைய குறியீட்டின் உயிர். அந்த உருவத்தை வடக்குச் சுவரில் ஒட்டினால் அழகு குறையாது, செய்தி போய்விடும். மரத்தடியில் அமர்ந்து கைவிரலால் போதிக்கும் ஆசிரியர் என்ற அதே படிமம்தான் அரசமரத்தடிப் புத்தரும். இரண்டு மரபும் ஒரே கலைக்கிடங்கிலிருந்து எடுத்த உருவங்கள் இவை. பக்தி செய்கிறவர் இருவரையும் குழப்பிக்கொள்வதே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

விகாரையின் படிமக்கூடத்துக்கும் இப்படி ஓர் ஒழுங்கு உண்டு. வாசலுக்கு மேலே மகர தோரணம்: யானைத் துதிக்கையும் முதலை வாயும் மீன் உடலுமான இரண்டு மகரங்கள் இரு பக்கமும், உச்சியில் பிதுங்கிய கண்ணோடு கீர்த்திமுகம். சிவன் கோயில் திருவாசியின் உச்சியில் இருக்கும் அதே முகம் இது. சிவனுடைய சினத்திலிருந்து பிறந்து, பசியால் தன் உடலையே தின்று முகம் மட்டும் எஞ்சிய பூதம் என்று புராணம் சொல்லும். எந்த மரபில் நின்றாலும் அதன் வேலை ஒன்றே. வாசலில் நின்று, உள்ளே போகிறவன் தன்னை விட்டுவிட்டுப் போகும்படி செய்வது. கதவின் இரு புறமும் அல்லது முன்மண்டபச் சுவரில் காவல் தெய்வங்கள்: நீல நிற விஷ்ணு, வெண்ணிறச் சமன், மயிலோடு கதிர்காமக் கடவுள், வீடணன். திருமாலும் முருகனும் இங்கே புத்த சாசனத்தைக் காக்கும் தேவர்கள். சைவ வீட்டுச் சுவரில் இருக்கும் அதே மயில்வாகனப் படம் விகாரைச் சுவரில் ஒரு படி கீழே, வாசலருகே நிற்கிறது. உருவம் ஒன்றுதான், பதவி வேறு. அந்தப் பதவியைச் சொல்வது அவர் நிற்கும் இடம்.

உள்ளே சுவர்கள் நெடுகக் கதை ஓடும். கண்டிய மரபுச் சித்திரத்தில் செந்நிறப் பின்னணியில் சாதகக் கதைகள் பட்டை பட்டையாக வரும். ஒரே பட்டையில் வெசந்தர அரசன் யானையைத் தானம் கொடுப்பான், சற்றுத் தள்ளி நாடு கடத்தப்படுவான், இன்னும் தள்ளிப் பிள்ளைகளையும் கொடுப்பான். வெறும் இடம் தெரியக் கூடாதென்று பூக்களை இறைத்திருப்பார்கள். பார்க்கிறவர் நடந்தால்தான் காலம் நகரும். நம் கோயில் பிரகாரச் சுவரில் திருவிளையாடற் படங்களும் நாயன்மார் வரிசையும் இதே வேலையைத்தான் செய்கின்றன. சுவர் உருவங்கள் நடக்கிறவருக்காகச் செய்யப்பட்டவை. நின்று வணங்குவதற்குக் கருவறை இருக்கிறது.

காலடியில் வைக்கும் உருவத்துக்கு இன்னும் கடுமையான விதி. அநுராதபுரத்துச் சந்திரவட்டக்கல் என்ற அரைவட்டப் படிக்கற்களில் யானை, குதிரை, சிங்கம், எருது ஆகிய நான்கும் வரிசையாக ஓடுகின்றன. சோழர் காலத்துக்குப் பின் பொலன்னறுவையில் செதுக்கிய சந்திரவட்டக்கல்லில் எருதைக் காணோம். சைவர் வணங்கும் நந்தியைக் காலால் மிதிக்கக் கூடாது என்பதால் எடுத்துவிட்டார்கள் என்பது அறிஞர் பலர் தரும் விளக்கம். இந்த விளக்கம் சரியென்றால், அண்டை மதத்தவரின் மனத்தை நினைத்து ஒரு சிற்பி தன் மரபின் வரிசையையே மாற்றியிருக்கிறான். நம் கோலத்திலும் இதே உணர்வு உண்டு. வாசலில் தாமரையைப் போடுவோம். தாமரையில் அமர்ந்த இலட்சுமியை மிதிபடும் இடத்தில் போட மாட்டோம். இணையக் கடைகளில் விநாயகர் பொறித்த மிதியடி விற்பனைக்கு வந்தபோது எழுந்த எதிர்ப்பின் வேர் இதுதான்.

இரண்டு உருவங்களைத் தனியே எடுத்துப் பேச வேண்டும். முதலாவது நாகம். மகாவலிக்குத் தெற்கே சேருவில மங்கல ரஜமகா விகாரையில் நாக படத்தின் கீழ் அமர்ந்த பழைய புத்தர் சிலை புகழ்பெற்றது. ஞானம் பெற்றபின் வந்த வாரமொன்றில் பெருமழை பெய்தபோது முசலிந்த நாகராசன் தன் படத்தைக் குடையாகப் பிடித்தான் என்பது கதை. இலிங்கத்துக்கு மேல் ஐந்தலை நாகம் குடை பிடிப்பதையும், திருமாலுக்கு ஆதிசேடன் குடை பிடிப்பதையும் பார்த்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைக்கு அந்தச் சிலையை விளக்கவே வேண்டியதில்லை. ஈழத்தின் பழைய குளங்களின் மதகடியிலும் ஐந்தலை நாகக்கல் உண்டு. நெல் விளையும் நாட்டில் தண்ணீரைக் காப்பவன் நாகன். மழை கட்டுப்பட்டால் குளம் நிறையும், மிஞ்சினால் அணை உடையும். மழையிலிருந்து ஆசானைக் காத்த பாம்பும் குளத்தைக் காக்கும் பாம்பும் ஒரே நம்பிக்கையின் கிளைகள் என்றே நான் கருதுகிறேன். கந்தளாய் போன்ற பெருங்குளமுள்ள மாவட்டத்தில் நாகம் இரு மதத்தாருக்கும் பொதுவாக நின்றதற்கு மதத்தைவிட விவசாயமே பெரிய காரணம்.

இரண்டாவது இராவணன். கோணமலைப் பாறைப் பிளவுக்கு இராவணன் வெட்டு என்று பெயர். தாயின் வழிபாட்டுக்காக மலையைப் பெயர்க்க முயன்றான் என்றும், அவளுக்கு ஈமக்கடன் செய்யக் கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகளைத் தோற்றுவித்தான் என்றும் ஊரார் சொல்வார்கள். திருஞானசம்பந்தர் தம் பதிகங்களில் எட்டாம் பாடலில் இராவணனைப் பாடுவதை வழக்கமாகவே வைத்திருந்தார். கயிலையைத் தூக்கி, விரலால் அழுத்தப்பட்டு, சாமகானம் பாடி அருள் பெற்றவன் அவன். எல்லோராவின் கைலாசநாதர் கோயிலில் அந்தக் காட்சி பெருஞ்சிற்பமாக நிற்கிறது. ஈழத்துக் கோயில்களில் கைலாச வாகனமாக வீதி வலம் வருகிறது. எனவே சைவச் சுவரில் இராவணன் பக்தன். செருக்கு அடங்கிக் கை குவித்தவன். அண்மைக் காலச் சிங்கள மரபிலோ அவன் தொன்மையான தேசத்து மன்னன், விமானம் ஓட்டியவன். 2019இல் விண்ணுக்குப் போன இலங்கையின் முதற் செய்மதிக்கு அவன் பெயர்தான். அதே ஆண்டின் இறுதியில் நாடெங்கும் இளைஞர்கள் தெருச் சுவர்களுக்கு வண்ணம் தீட்டியபோது இராவணனும் பல ஊர்களில் வரையப்பட்டான். கை குவித்த இராவணனும் வாளேந்திய இராவணனும் ஒரே பத்துத் தலையோடு இருக்கிறார்கள். கையைப் பார்த்துத்தான் யாருடைய சுவர் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

இனி வீட்டுச் சுவருக்கு வருவோம். வழிபாட்டு உருவத்தையும் அலங்கார உருவத்தையும் பிரிக்கும் கோடு எது? இரு மரபும் தரும் விடை கண். சைவக் கோயிலில் திருமேனி முழுதும் முடிந்தபின்னரே மந்திரத்தோடு கண் திறப்பார்கள். சிங்களச் சிற்பிகளின் நேத்திர மங்கல்யச் சடங்கைக் கலை ஆய்வாளர் ஆனந்த குமாரசாமி 1908இல் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய தம் நூலில் பதிவு செய்திருக்கிறார். புத்தரின் விழியைத் தீட்டும் சித்திரகாரர் நேரே பார்க்காமல் கண்ணாடியில் பார்த்துத் தீட்டுவார். முதற் பார்வையின் வேகம் மனிதரால் தாங்க முடியாதது என்பது நம்பிக்கை. கண் திறக்கும்வரை அது கல், அல்லது சுண்ணாம்பு. திறந்தபின் அது பார்க்கிறது. அணி என்பது ஒரு பொருளை நிறைவாக்கும் உறுப்பு, மேலே ஒட்டிய அழகு அல்ல என்று குமாரசாமி வாழ்நாள் முழுதும் வாதாடினார். அதற்கு இந்தச் சடங்கைவிட நல்ல சான்று இல்லை.

அச்சு இயந்திரம் வந்ததும் இந்தக் கோடு கலங்கியது. 1894இல் ஓவியர் இரவிவர்மா பம்பாயில் அச்சகம் தொடங்கினார். அதன் பின் இலட்சுமியும் சரசுவதியும் கண் திறந்தபடியே ஆயிரக்கணக்கில் வெளிவந்தார்கள். கோவில்பட்டி கொண்டையராஜுவும் அவருடைய மாணவர்களும் தீட்டிய படங்கள் சிவகாசி நாள்காட்டிகளாகக் கடல் கடந்து நம் வீடுகளுக்கும் வந்தன. சிங்கள வீடுகளுக்கு அதே வேலையைச் செய்தவர் சார்லிஸ் மாஸ்டர். 1920களிலும் 1930களிலும் அச்சான அவருடைய புத்தர் சரிதப் படங்கள் விகாரைச் சுவரோவியங்களையே மாற்றிவிட்டன. பட்டைக் கதை போய், ஐரோப்பிய நாடக மேடை போன்ற ஆழமும் திரைச்சீலையும் தூணும் வந்தன. இரவிவர்மாவின் சரசுவதியும் சார்லிஸின் மாயாதேவியும் உடையிலும் நிற்கும் தோரணையிலும் ஒரே வீட்டுப் பெண்கள்போல் இருப்பதற்குக் காரணம் இருவரும் ஒரே ஐரோப்பியப் பாணியைக் கையாண்டதே.

ஆனால் வீட்டார் அந்த அச்சுப் படத்தை வெறும் படமாக விட்டுவிடவில்லை. சாமியறையில் கிழக்கு நோக்கி மாட்டி, சந்தனப் பொட்டு இட்டு, பூ வைத்து, விளக்கேற்றி இடத்தால் அதைத் தெய்வமாக்கினார்கள். விருந்தினர் அறையில் தொங்கும் அதே படத்துக்குப் பொட்டு இல்லை. திருகோணமலையில் எந்த வீட்டுக்குள் போனாலும் இந்த வேறுபாட்டைக் காணலாம். வாஸ்து என்ற பெயரில் நுழைந்த சிரிக்கும் புத்தர் மட்டும் இந்த ஒழுங்குக்குள் அடங்காதவர். அவர் கௌதம புத்தரே அல்லர். பத்தாம் நூற்றாண்டுச் சீனத் துறவி ஒருவரின் உருவம். பணப்பெட்டிக்கு மேலே அவரை வைக்கிற கடைக்காரருக்கு அவர் புத்தரும் அல்லர், தெய்வமும் அல்லர்; நல்ல சகுனம் மட்டுமே.

உப்புவெளியும் நிலாவெளியும் உல்லாசப் பயண ஊர்களான பின் வேறொரு சுவர் வந்தது: விடுதிச் சுவர். உலகெங்கும் விடுதிகளில் மாட்டப்படும் புத்தர் தலை எங்கிருந்து வந்தது என்பதை அறிந்துதான் அதை மாட்ட வேண்டும். காந்தாரத்திலும் கம்போசத்திலும் சாவகத்திலும் சிலைகளின் கழுத்தை வெட்டித் தலையை மட்டும் கொண்டுபோய் ஐரோப்பிய அருங்காட்சியகங்களுக்கும் செல்வர் வீடுகளுக்கும் விற்றார்கள். அங்கே தனித் தலையாகப் பார்த்துப் பழகிய கண், அதையே அமைதியின் சின்னமாக எண்ணிக்கொண்டது. தமிழ் மரபில் தனித் தலைக்கு அமைதி என்ற பொருள் எப்போதும் கிடையாது. பத்திரகாளி கையில் பிடித்திருக்கும் தலையும், திரௌபதை அம்மன் கோயில்களில் களப்பலியான அரவானின் தலையும் பலியின் சின்னங்கள். பௌத்தருக்கோ வெட்டிய புத்தர் தலை என்பது களவின் தடயம். அலங்காரமாக வாங்குகிறவர் கெட்ட எண்ணத்தோடு வாங்குவதில்லை. அறியாமல் வாங்குகிறார். அறியாமையைச் சட்டம் எப்படி நடத்த வேண்டும் என்பது தனிக் கேள்வி. 2014இல் கையில் புத்தரைப் பச்சை குத்தியிருந்த பிரித்தானியப் பெண் ஒருவரை இலங்கை நாடு கடத்தியது. அவர் உண்மையில் பௌத்த பக்தர். 2017இல் உயர் நீதிமன்றம் அவருக்கு எட்டு இலட்சம் ரூபா நட்டஈடு வழங்கத் தீர்ப்பளித்தது. உருவம் எங்கே இருக்கலாம் என்ற பழைய கேள்வி இப்போது மனிதத் தோல்வரை வந்துவிட்டது.

அலங்காரத்தின் கேடு இது என்றால், எல்லைக்கல் ஆக்குவதன் கேடு இதைவிடப் பெரிது. 2005 மே மாதத்தில் திருகோணமலை மத்திய பஸ் நிலையத்தருகே ஓர் இரவில் புத்தர் சிலை ஒன்று வைக்கப்பட்டது. ஹர்த்தால், வழக்கு, முட்கம்பி, காவலுக்கு ஆயுதப் படையினர் என்று ஊர் அல்லோலகல்லோலப்பட்டது. 2020இல் கிழக்கு மாகாணத் தொல்லியல் மரபுரிமைக்கென ஜனாதிபதி செயலணி அமைந்தபோதும், கன்னியாவில் பிள்ளையார் கோயில் இடத்தைப் பற்றிய சர்ச்சையின்போதும் அதே அச்சம் திரும்பியது. தியான முத்திரையோடு அமர்ந்த புத்தரின் குறியீட்டு அகராதியில் அச்சுறுத்தல் என்ற சொல் இல்லை. முட்கம்பிக்குள் அவரை வைத்தவர்கள்தான் அந்தச் சொல்லை அங்கே எழுதினார்கள். அதே போல, வேறு சமூகத்தார் வாழும் தெருவின் முனையில் சவாலாக நாட்டப்படும் சூலமும் சிவனுடைய பொருளைச் சுமக்காது. நடந்தவை ஒரே அளவினவாகவோ ஒரே அதிகாரத்தின் துணையோடோ நடந்தன என்று நான் சொல்லவில்லை. அரசின் காவல் எந்தப் பக்கம் நின்றது என்பது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

இவ்வளவுக்கும் நடுவே, சத்தமில்லாமல் ஓர் இழப்பு நடந்துகொண்டிருக்கிறது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை கும்பாபிஷேகம் என்பது நல்ல மரபு. ஆனால் ஒவ்வொரு முறையும் பழைய சுவரைச் சுரண்டிப் புது வண்ணம் அடிக்கிறார்கள். காவியும் சுண்ணாம்புமாக இருந்த செங்கோடு வெண்கோட்டு மதில், சிவனையும் சக்தியையும் குறிப்பதாகப் பெரியவர்கள் சொன்ன அந்த மதில், கடையில் கிடைக்கும் பளபளப்பான பெயின்றுக்கு மாறிவிட்டது. உள்ளூர்க் கைகள் தீட்டிய தேர்ச்சீலைகளையும் மண்டபச் சுவர்ப் படங்களையும் யாரும் படம் பிடித்து வைக்காமலே அழித்துவிடுகிறார்கள். கிராமத்து விகாரைகளிலும் இதே கதைதான். போர்க் காலத்தில் கைவிடப்பட்ட மூதூர், வெருகல் பக்கத்துக் கோயில்களில் எஞ்சியதும் இப்படியே போகக்கூடும். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகமும் மட்டக்களப்பின் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகமும் நினைத்தால், கும்பாபிஷேகத் திகதி குறித்தவுடன் மாணவர்களை அனுப்பிப் பழைய சுவர்களைப் பதிவு செய்ய முடியும். உருவத்தை மட்டும் படம் பிடித்தால் போதாது. எந்தச் சுவர், எந்தத் திசை, தரையிலிருந்து எவ்வளவு உயரம், அடுத்தடுத்து யார் யார் என்பதையும் எழுத வேண்டும். படத்தின் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் உபயக்காரர் பெயரையும் விடக் கூடாது. பெரியகுளத்துக் கல்லில் விளக்குக்குப் பசு கொடுத்தவரின் பெயர் இருந்ததால்தான் அங்கே தமிழ்ப் பௌத்தர் இருந்தார்கள் என்று இன்று நம்மால் சொல்ல முடிகிறது. இப்போதைய உபயங்களில் இலண்டன், ரொறன்ரோ என்று ஊர்ப் பெயர்கள் வருகின்றன. அவற்றையும் அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும்.